நெக்ஸ்ட் ஜெனரேஷன்: முதல் இரண்டு சீசனையும் விட்டிட்டு மூன்றில் தொடங்கலாமா?

வெள்ளவத்தை வாசகி — 2024 ஏப்ரல் 11, இரவு 9.20

புத்தாண்டு லீவுக்கு வீட்டில எல்லாருமாக ஸ்டார் ட்ரெக்கைத் திரும்பப் பார்க்கிறதென்று முடிவு. இரண்டு கேள்வி. அதில் ஒன்றான நெக்ஸ்ட் ஜெனரேஷன் தொடரின் முதல் இரண்டு சீசனும் சரியில்லை, மூன்றில் தொடங்கினால் போதும் என்று கனபேர் சொல்லுகினம். அப்படிச் செய்யலாமா? மற்றது, நெக்ஸ்ட் ஜெனரேஷன் புளூரே பளிச்சென்று இருக்கு. அடுத்த தொடரான டீப் ஸ்பேஸ் நைன் டிவிடி போட்டால் மங்கல். ஆள் அசையும்போது விளிம்பெல்லாம் கோடு கோடாகப் பிரியுது. தட்டு போலியோ?

நாலுக்கு மூன்று — ஏப்ரல் 11, இரவு 10.05

தட்டு போலியாக இருக்க வேண்டிய அவசியமில்லை. அதை நாளைக்கு விரிவாக எழுதுகிறேன். முதல் கேள்விக்கு இப்பவே பதில்: முழுசாக விடாதீங்கோ. பொறுக்கி எடுங்கோ.

முதல் சீசனில் 26 அத்தியாயம். பாதிக்கு மேல் மெலிவுதான், அதை மறுக்க ஏலாது. ஆனால் பின்னுக்கு வருகிற பெரிய கதைகளின் வேர் இங்கேதான் இருக்கு. மூன்றாம் சீசனின் ‘யெஸ்டர்டேஸ் என்டர்பிரைஸ்’ ஏன் நெஞ்சைப் பிசையுது? முதல் சீசன் ‘ஸ்கின் ஒஃப் ஈவில்’லில் கப்பலின் பாதுகாப்பு அதிகாரி டாஷா எந்த அர்த்தமும் இல்லாமல் செத்துப்போனதைப் பார்த்தவருக்குத்தான் அது விளங்கும். பாராதவருக்கு அவள் யாரோ ஒருத்தி. இயந்திர மனிதன் டேட்டாவின் சகோதரன் லோர் யாரென்று தெரிய ‘டேட்டாலோர்’ வேணும். இல்லாவிட்டால் நாலாம் சீசன் ‘பிரதர்ஸ்’, ஆறின் கடைசியில் தொடங்குகிற ‘டிசென்ட்’ இரண்டும் அந்தரத்தில் தொங்கும். 1994இல் வந்த கடைசி அத்தியாயம் நேரே முதல் அத்தியாயத்துக்கே திரும்பிப் போகுது. ஆகவே ‘என்கவுன்டர் அட் ஃபார்பொயின்ட்’ எவ்வளவு மெதுவாக ஊர்ந்தாலும் அதைத் தவறவிடக் கூடாது.

முதல் சீசனில் நான் வைக்கிறவை: ஃபார்பொயின்ட், ‘வேர் நோ வன் ஹாஸ் கோன் பிஃபோர்’, ‘டேட்டாலோர்’, ‘11001001’, ‘கமிங் ஒஃப் ஏஜ்’, ‘ஹார்ட் ஒஃப் குளோரி’, ‘சிம்பயோசிஸ்’, ‘ஸ்கின் ஒஃப் ஈவில்’, ‘கான்ஸ்பிரசி’, ‘த நியூட்ரல் ஸோன்’. ‘கமிங் ஒஃப் ஏஜ்’ பார்க்காமல் ‘கான்ஸ்பிரசி’ பார்த்தால் திடீரென்று எங்கிருந்தோ குதித்ததாகத் தெரியும். ‘கோட் ஒஃப் ஹானர்’ பக்கம் போகவே வேண்டாம். கறுப்பின மக்களை அதில் காட்டின விதத்தைப் பிள்ளைகளோடு இருந்து பார்க்க ஏலாது.

நாலுக்கு மூன்று — ஏப்ரல் 11, இரவு 10.40

இரண்டாம் சீசனைச் சொல்ல விட்டுவிட்டேன். இது 22 அத்தியாயம்தான், ஏனென்றால் 1988இல் ஹாலிவுட் எழுத்தாளர்கள் வேலைநிறுத்தம். தொடக்கக் கதையான ‘த சைல்ட்’ 1970களில் கைவிட்ட வேறொரு ஸ்டார் ட்ரெக் தொடருக்கு எழுதிய பிரதியைத் தூசு தட்டி எடுத்தது. கடைசிக் கதை ‘ஷேட்ஸ் ஒஃப் கிரே’ பழைய காட்சிகளை ஒட்டிப் பணம் மிச்சம் பிடித்தது. அதைத் தயங்காமல் விடலாம்.

ஆனால் அதே சீசனில்தான் ‘த மெஷர் ஒஃப் எ மேன்’ இருக்கு. டேட்டா ஒரு பொருளா, உரிமையுள்ள உயிரா என்று வழக்காடுகிற அத்தியாயம். முழுத் தொடரிலும் முதல் ஐந்துக்குள் வைப்பேன். புளூரேயில் இதற்கு நீட்டித்த பதிப்பும் உண்டு. திரும்பப் பார்க்கிறவர் அதைத்தான் போடவேணும். போர்க் என்கிற எதிரி இனம் முதலில் தலைகாட்டுகிற ‘கியூ ஹூ’, துணைக் கப்டன் ரைக்கர் கிளிங்கன் இனத்தாரின் கப்பலில் வேலை பார்க்கிற ‘எ மேட்டர் ஒஃப் ஹானர்’, ஷெர்லக் ஹோம்ஸின் எதிரி மொரியார்ட்டி வருகிற ‘எலிமென்டரி, டியர் டேட்டா’ (ஆறாம் சீசன் ‘ஷிப் இன் எ பொட்டில்’ இதன் தொடர்ச்சி), ‘தி எமிஸரி’. இந்த ஐந்தையும் கட்டாயம் பார்க்கவேணும்.

தெமட்டகொடை — ஏப்ரல் 12, காலை 7.15

அண்ணை, ‘எமிஸரி’ டீப் ஸ்பேஸ் நைனின் முதல் அத்தியாயம் எல்லோ? இரண்டாம் சீசனில் எப்படி?

நாலுக்கு மூன்று — ஏப்ரல் 12, காலை 7.50

இரண்டும் வேறு வேறு, தம்பி. நெக்ஸ்ட் ஜெனரேஷன் இரண்டாம் சீசனில் வருவது கப்பலின் கிளிங்கன் அதிகாரி வோர்ஃபின் பழைய காதலி கேலார் வருகிற கதை. நாலாம் சீசன் ‘ரீயூனியன்’ அதில்தான் நிற்குது. டீப் ஸ்பேஸ் நைனின் ‘எமிஸரி’ 1993 ஜனவரியில் வந்த இரண்டு மணிநேரத் தொடக்கம். பட்டியல் எழுதும்போது தொடரின் பெயரையும் சேர்த்து எழுதுங்கோ, மாறிப் போடமாட்டீங்கள்.

நாலுக்கு மூன்று — ஏப்ரல் 12, மாலை 6.30

இப்ப படத்தின் விஷயம். கொஞ்சம் நீளும்.

நெக்ஸ்ட் ஜெனரேஷன், டீப் ஸ்பேஸ் நைன், வொயேஜர் மூன்றுமே 35 மில்லிமீட்டர் ஃபிலிமில் எடுத்தவை. ஃபிலிமில் விவரம் நிறைய. ஆனால் வெட்டி ஒட்டினது ஃபிலிமில் இல்லை. எடுத்ததை அமெரிக்கத் தொலைக்காட்சி முறையான என்டிஎஸ்சி வீடியோவுக்கு மாற்றி, எடிட்டிங், ஸ்பெஷல் எஃபெக்ட் எல்லாம் வீடியோ நாடாவிலேயே முடித்தார்கள். ஆகவே கையில் இருந்த முடிந்த பிரதி 480 கோட்டு வீடியோ மட்டும்தான்.

நெக்ஸ்ட் ஜெனரேஷனுக்கு 2012 முதல் 2014 வரை வந்த புளூரேக்காகப் பழைய நெகட்டிவ் சுருள்களைத் தேடி எடுத்து, திரும்ப ஸ்கேன் செய்து, ஒவ்வொரு வெட்டையும் பழைய எடிட்டுக்குப் பொருத்தினார்கள். கப்பல் மாடலைப் பல தடவை தனித்தனியாக எடுத்த ஃபிலிம் துண்டுகளைத் திரும்ப அடுக்கிச் சேர்த்தார்கள். ஃபேஸர் ஆயுதத்தின் கதிர், ஆட்களை இடம் மாற்றுகிற டிரான்ஸ்போர்ட்டரின் மினுக்கம் இவை வீடியோவிலேயே செய்தவை, ஆகவே புதிதாகச் செய்ய வேண்டி வந்தது. சும்மா ‘பெரிசாக்கினது’ இல்லை, ஏழு சீசனின் எடிட்டிங்கை இரண்டாம் தடவை செய்தது. இரண்டாம் சீசனை வேறொரு நிறுவனம் செய்தது, மற்றவற்றோடு ஒப்பிட்டால் அது ஒரு படி கீழே.

டீப் ஸ்பேஸ் நைனுக்கும் வொயேஜருக்கும் இந்த வேலை நடக்கவில்லை. பிந்திய சீசன்களில் கப்பல்களைக் கணினியில் வரைந்தது வீடியோ அளவுக்கே. நெகட்டிவை ஸ்கேன் செய்தாலும் அந்தக் காட்சிகளைப் புதிதாகத்தான் வரைய வேணும். ஆகவே உங்கள் தட்டில் தெரிகிற மங்கல் அந்தத் தொடர் இருக்கிற நிலைதான்.

விளிம்பு பிரிவது வேறு கதை. அதைத் தீர்க்கலாம்.

நாலுக்கு மூன்று — ஏப்ரல் 12, இரவு 8.10

ஃபிலிம் செக்கனுக்கு 24 பிரேம். என்டிஎஸ்சி வீடியோ செக்கனுக்கு ஏறக்குறைய 60 அரைப்படம் (ஒற்றைக் கோடுகள் ஒரு தடவை, இரட்டைக் கோடுகள் மறு தடவை). நாலு ஃபிலிம் பிரேமைப் பத்து அரைப்படமாகப் பரப்புவார்கள்: இரண்டு, மூன்று, இரண்டு, மூன்று. இதனால் ஐந்து வீடியோ பிரேமில் மூன்று சுத்தம், இரண்டில் அடுத்தடுத்த இரண்டு ஃபிலிம் பிரேம் கலந்திருக்கும். ஆள் அசைந்தால் அந்த இரண்டிலும் விளிம்பு சீப்புப் பல்லாகப் பிரியும். நீங்கள் பார்த்தது இதுதான்.

இந்தத் தொடர்களில் கூடுதல் சிக்கல்: வெட்டினது வீடியோவில் என்பதால் இரண்டு-மூன்று ஒழுங்கு வெட்டுக்கு வெட்டு குழம்பும். எஃபெக்ட் காட்சிகளில் சில ஃபிலிம் வேகத்திலும் இல்லை, நேரடியாக வீடியோ வேகத்தில் ஓடும். ஒரே அத்தியாயத்துக்குள் இரண்டு வேகம்.

கணினியில் விஎல்சி பிளேயர் என்றால்: வீடியோ மெனுவில் டீஇன்டர்லேஸை (இந்தக் கோட்டை நீக்குகிற தெரிவு) ‘ஒன்’ ஆக்கி, முறையை ‘யாடிஃப் 2எக்ஸ்’ என்று வையுங்கோ. அதே பட்டியலில் ‘ஃபிலிம் என்டிஎஸ்சி’ என்று ஒன்று இருக்கும். பேசுகிற காட்சிகளுக்கு அது நல்லம், கப்பல் காட்சிகளில் தடுமாறும். முழு அத்தியாயத்துக்கும் யாடிஃப் 2எக்ஸ் தான் பாதுகாப்பு.

சொந்தத் தட்டை வன்தட்டில் ஏற்றி வைக்க விரும்பினால் மேக்எம்கேவி என்கிற மென்பொருள் தட்டில் இருக்கிறதை அப்படியே எடுக்கும். ஒரு தட்டில் நாலு அத்தியாயம் என்றால் ஒன்று 2 ஜிபிக்குக் கொஞ்சம் குறைய வரும். இடம் இருந்தால் அதோடு நிறுத்துங்கோ. சுருக்கியே ஆகவேணும் என்றால் ஹேண்ட்பிரேக் மென்பொருளில் ‘டீடெலிசின்’ ஒன், ‘டீகோம்ப்’ ஒன், தரம் ஆர்எஃப் 18, பிரேம் வேகம் ‘சேம் ஆஸ் சோர்ஸ்’, அதற்குக் கீழே ‘வேரியபிள்’. இந்தக் கடைசி இரண்டும்தான் கனபேர் கோட்டை விடுகிற இடம். ஃபிலிம் வேகமான 23.976 என்று பூட்டினால் முகங்கள் சரியாக ஓடும், கப்பல் பறக்கிறபோது மட்டும் விக்கி விக்கிப் போகும். அளவைப் பெரிசாக்க வேண்டாம், ஒலியையும் மாற்றாமல் விடுங்கோ.

செயற்கை நுண்ணறிவால் 4கே ஆக்கின கோப்புகள் சுற்றுது. ஒதுக்கி வையுங்கோ. டீப் ஸ்பேஸ் நைனில் வருகிற ஓடோவின் ஒப்பனையும் கிராவின் மூக்குச் சுருக்கமும் வழுவழுவென்று அழிந்துபோகும். பின்னால் நிற்கிற ஆக்களின் கண் இடம் மாறும். நடிப்பெல்லாம் அந்தச் சுருக்கங்களில்தான் இருக்கு.

வெள்ளவத்தை வாசகி — ஏப்ரல் 12, இரவு 9.00

யாடிஃப் போட்டதும் கோடு போயிற்று, நன்றி. ஆனால் ரீவியில் எல்லாரும் கொஞ்சம் கொழுத்துத் தெரியினம், அசைவும் ஏதோ நாடக மேடை மாதிரி இருக்கு.

நாலுக்கு மூன்று — ஏப்ரல் 12, இரவு 9.25

ரீவியின் செற்றிங். படம் நாலுக்கு மூன்று வடிவில் எடுத்தது, ரீவி பதினாறுக்கு ஒன்பதாக இழுக்குது. பிக்சர் சைஸை 4:3 ஆக்குங்கோ, இரண்டு பக்கமும் கறுப்பாக இருக்கட்டும். புளூரே செய்தவர்களும் அகலமாக்கவில்லை. ஃபிலிமின் ஓரத்தில் விளக்கு, கருவி எல்லாம் தெரியும், சட்டகமே நாலுக்கு மூன்றுக்குத்தான் அமைத்தது.

அசைவு: ரீவி இடைப் பிரேம்களைத் தானாக உருவாக்கிச் சேர்க்குது. அதை நிறுத்தவேணும். சாம்சங்கில் பழையவற்றில் ‘ஓட்டோ மோஷன் பிளஸ்’, புதியவற்றில் ‘பிக்சர் கிளாரிட்டி’. எல்ஜியில் ‘ட்ரூமோஷன்’. சோனியில் ‘மோஷன்ஃப்ளோ’. ஷார்ப்னெஸ் சாம்சங்கில் பூச்சியம். சோனியில் 50 தான் நடுநிலை, அதைப் பூச்சியமாக்கினால் படம் மழுங்கும். நொய்ஸ் ரிடக்ஷன் எல்லாம் ஒஃப். வண்ண வெப்பம் ‘வோர்ம்’. எச்டிஎம்ஐ ஒவ்வொன்றுக்கும் செற்றிங் தனி, ஆகவே பிளேயர் குத்தியிருக்கிற பக்கத்தில் நின்று மாற்றுங்கோ.

இதெல்லாம் செய்யாமல் ‘பழைய தொடர் மலிவாக இருக்கு’ என்று தீர்ப்புச் சொல்வது அந்தக் கலைஞர்களுக்குச் செய்கிற அநியாயம்.

தெமட்டகொடை — ஏப்ரல் 13, காலை 10.30

என்னிடம் ஐரோப்பிய முறையான பிஏஎல் தட்டுகள். அதில் இந்தக் கோடு இல்லை. ஆனால் கப்டன் பிக்கார்டின் குரல் கொஞ்சம் மெலிந்து கேட்குது. எனக்குத்தானா?

நாலுக்கு மூன்று — ஏப்ரல் 13, மதியம் 12.15

காது சரியாத்தான் இருக்கு. கடிகாரத்தைப் பாருங்கோ. என்டிஎஸ்சியில் 45 நிமிடம் 30 செக்கன் ஓடுகிற அத்தியாயம் உங்கள் தட்டில் 43 நிமிடம் 38 செக்கன் அளவில் முடிந்தால், 24 பிரேமை 25 ஆக வேகப்படுத்தியிருக்கு: நூற்றுக்கு நாலு வேகம் கூட. சுருதியைத் திருத்தாமல் விட்டால் குரல் அரைச் சுரத்துக்குக் கொஞ்சம் குறைவாக மேலே ஏறும். பிளேயர் மென்பொருளில் வேகத்தை 0.96 ஆக்கி, சுருதியைத் தக்கவைக்கிற தெரிவை எடுத்துவிட்டால் குரல் இறங்கும். நேரம் இரண்டிலும் ஒன்றென்றால் அது வேறு வகை மாற்றம், அசைவில் நிழல் விழும், அதற்கு மருந்தில்லை.

வட்டாரக் குறியையும் கவனியுங்கோ. இலங்கை டிவிடிக்கு ஐந்தாம் வட்டாரம், அமெரிக்கா ஒன்று. கணினி டிரைவில் வட்டாரத்தை ஐந்து தடவைதான் மாற்றலாம், பிறகு பூட்டிவிடும். அமெரிக்க பிளேயரை உறவுக்காரர் கொண்டுவந்து தந்தால் பின்பக்க ஒட்டியை வாசிக்காமல் குத்த வேண்டாம். 100–240 வோல்ட் என்று இல்லாமல் 120 மட்டும் இருந்தால் எங்கள் 230இல் ஒரே நிமிடத்தில் கருகும்.

நாலுக்கு மூன்று — ஏப்ரல் 13, மதியம் 12.40

தட்டு விஷயத்தில் இன்னொன்று. கடலோரத்தில் உப்பும் ஈரமும் சேர்ந்து பெட்டிக்குள் பூஞ்சணம் பிடிக்கும். கண்ணுக்கு மெல்லிய சிலந்தி நூலாகத் தெரியும், பிளேயரில் மூன்றாவது அத்தியாயத்தின் நடுவில் படம் சதுரம் சதுரமாக உடையும். வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு துளி பாத்திரம் கழுவும் திரவம், மெல்லிய பருத்தித் துணி, நடுவிலிருந்து விளிம்புக்கு நேர்கோடாகத் துடைப்பு. வட்டமாகத் தேய்த்தால் கீறல் தடத்தோடே ஓடும், பிளேயரால் திருத்த ஏலாது. காய்ந்த பிறகு பெட்டிக்குள் ஒரு சிலிக்கா ஜெல் பொதி.

வெள்ளவத்தை வாசகி — ஏப்ரல் 14, இரவு 8.45

‘சிம்பயோசிஸ்’ ஏன் பட்டியலில் இருக்கு? கதை பெரிசாக ஒன்றுமில்லையே.

நாலுக்கு மூன்று — ஏப்ரல் 14, இரவு 9.10

கதைக்காக இல்லை. டாஷாவாக நடித்த டெனிஸ் கிரோஸ்பி இந்தச் சீசனில் கடைசியாக நடித்தது அதில்தான். ஒளிபரப்பில் ‘சிம்பயோசிஸ்’ 1988 ஏப்ரல் 18, டாஷா சாகிற ‘ஸ்கின் ஒஃப் ஈவில்’ ஏப்ரல் 25. படமாக்கினது எதிர்வரிசையில். முடிவுக்குக் கிட்ட பிக்கார்டும் டொக்டரும் சரக்கறையை விட்டு வெளியே வருகிற இடத்தில் நிறுத்தி நிறுத்திப் பாருங்கோ. முன்னுக்கு வருகிற இருவரையும் பார்க்காமல், கதவு மூடமுன் பின்னால் நிற்கிற டாஷாவைப் பாருங்கோ. கமராவைப் பார்த்துக் கை அசைக்கிறார். விடைபெறுகிறார். டிவிடியில் அது ஒரு மங்கல் அசைவு. புளூரேயில் கை என்று தெளிவாகத் தெரியும்.

புளூரேயில் இப்படிக் கன விஷயம் வெளியே வந்திருக்கு. விளக்கு தெறிக்காமல் இருக்கக் கண்ணாடித் திரைகளில் ஒட்டின கறுப்பு அட்டைகள் முதல் சீசன்களில் தெரியும். கப்பலின் மாடலும் இரண்டு: முதல் சீசனுக்குச் செய்த ஆறடி மாடல் வழவழப்பு, மூன்றாம் சீசனுக்குச் செய்த நாலடி மாடலில் தகட்டுப் பிரிவுகள் புடைத்து நிற்கும், தட்டின் விளிம்பும் தடிப்பு. பழைய காட்சிகளைப் பிறகும் பாவித்ததால் ஒரே அத்தியாயத்தில் இரண்டும் வரும்.

தெமட்டகொடை — ஏப்ரல் 15, காலை 8.00

சில பட்டியலில் ஒளிபரப்புத் தேதி ஒன்றிரண்டு நாள் முன்னப்பின்ன இருக்கு. எது சரி?

நாலுக்கு மூன்று — ஏப்ரல் 15, காலை 8.35

நெக்ஸ்ட் ஜெனரேஷனும் டீப் ஸ்பேஸ் நைனும் ஒரு தேசிய அலைவரிசையில் போனவை இல்லை. ஒவ்வொரு ஊர் நிலையத்துக்கும் தனித்தனியாக விற்றது, செய்மதி வழியாக அனுப்பினது. நிலையம் தனக்கு வசதியான நாளில் போட்டது. பட்டியலில் இருப்பது அந்த வாரத்தின் முதல் தேதி. செய்மதியைப் புவிநிலைச் சுற்றுப்பாதையில் நிறுத்தி ஒளிபரப்பலாம் என்று 1945இல் எழுதின ஆர்தர் சி. கிளார்க் பிறகு எங்கள் கொழும்பு பார்ன்ஸ் பிளேஸில் இருந்தார் என்பதை இந்த இடத்தில் நினைக்காமல் இருக்க ஏலாது.

1966இன் மூல வரிசை என்பிசியில் போனது, தேதிக் குழப்பம் இல்லை. அங்கே பிரச்சினை வரிசை. இரண்டாவது முன்னோட்டமாக எடுத்த ‘வேர் நோ மேன் ஹாஸ் கோன் பிஃபோர்’ மூன்றாவதாகத்தான் ஒளிபரப்பானது. திடீரென்று சட்டை வேறு, டொக்டர் வேறு. தயாரிப்பு வரிசையில் பார்த்தால் இந்தத் துள்ளல் இல்லை: அதை முதலில், பிறகு ‘த கோர்போமைட் மனூவர்’. மொத்தம் 79 தான். புளூரேயில் பழைய எஃபெக்டும் 2006இல் தொடங்கிச் செய்த புதிய எஃபெக்டும் இரண்டுமே இருக்கு. பழையதைத் தெரிவு செய்யுங்கோ. இலங்கைக்குத் தொலைக்காட்சி வந்ததே 1979இல், இங்கே யாரும் அதை முதல் ஒளிபரப்பில் பார்த்ததில்லை. அப்ப எப்படி இருந்ததென்று பார்க்க இதுதான் வழி.

நாலுக்கு மூன்று — ஏப்ரல் 16, இரவு 10.20

டீப் ஸ்பேஸ் நைனுக்குள் போகமுன் ஒரு பாதை சொல்ல வேணும். நெக்ஸ்ட் ஜெனரேஷனில் ‘த வூண்டட்’ (1991 ஜனவரி), ‘என்சைன் ரோ’ (1991 ஒக்டோபர்), ‘செயின் ஒஃப் கமாண்ட்’ இரண்டு பாகம் (1992 டிசம்பர்). பிறகு டீப் ஸ்பேஸ் நைன் ‘எமிஸரி’. முதலாவதில் கார்டாசியர் யாரென்று அறிவீங்கள், இரண்டாவதில் அவர்கள் ஆக்கிரமித்த பஜோர் மக்களை அகதிமுகாமில் பார்ப்பீங்கள், மூன்றாவதில் சித்திரவதை அறை. டீப் ஸ்பேஸ் நைனின் முதல் சீசன் முழுக்க வேண்டாம். ஆனால் கடைசிக்கு முந்தியது ‘டூயட்’, 1993 ஜூன். அதற்காகவே இந்தப் பாதை.

சீசன் முடிவில் காசு குறைந்ததால் ஓரிரு அறைக்குள் எடுத்த கதை. சிறைக்குள் ஒரு கார்டாசியன், வெளியே நிலையத்தின் பஜோர் அதிகாரி கிரா. காலிடெப் முகாமை நடத்தின கொடியவன் தான்தான் என்கிறான். பெருமையடிக்கிறான். கிரா ஆவணங்களைத் தோண்டத் தோண்ட, அவன் அந்த முகாமில் பதிவேடு எழுதின சாதாரண கிளார்க் என்று வெளிக்கிறது. இரவில் கதறல் கேட்டுக் காதைப் பொத்தினவன். யாராவது ஒருவன் விசாரணைக் கூண்டில் நின்றே ஆகவேணும் என்று முகத்தை மாற்றிக்கொண்டு வந்திருக்கிறான். ஹாரிஸ் யூலின் அந்த இரண்டு மனிதனையும் ஒரே முகத்தில் காட்டுகிற இடத்தை, பெருமை உடைந்து அழுகையாகிற அந்த ஒரு நீண்ட பேச்சை, வெளிச்சம் அணைத்துவிட்டுப் பாருங்கோ.

முகாம், பதிவேட்டில் பேர் தேடுவது, பொறுப்பேற்க ஒருவரும் முன்வராத குற்றம். இவை எங்கள் ஆக்களுக்கு விண்வெளிக் கதை இல்லை. கடைசியில் அவனைக் குத்தினவன் ‘அவன் கார்டாசியன், அது போதும்’ என்கிறான். ‘போதாது’ என்கிறாள் கிரா. ஆக்கிரமிப்புக்கு எதிராக ஆயுதம் தூக்கின அவள் வாயால் அது வருவதுதான் அந்தத் தொடரின் உயரம். அடுத்த ஆறு சீசனிலும் கிரா செய்கிற ஒவ்வொன்றும் இதிலிருந்து வளருது.

வெள்ளவத்தை வாசகி — ஏப்ரல் 18, இரவு 11.30

‘டூயட்’ பார்த்தோம். அம்மா ஒன்றும் பேசவில்லை, அடுத்ததைப் போடச் சொன்னா. டீப் ஸ்பேஸ் நைனில் போர் நடக்கிற கதை எங்கே தொடங்குது? ஆறாம் சீசன் முதலாவதா?

நாலுக்கு மூன்று — ஏப்ரல் 19, காலை 6.50

இல்லை, ஐந்தின் கடைசி ‘கோல் டு ஆர்ம்ஸ்’. விண்வெளி நிலையம் கைவிட்டுப் போகிற அத்தியாயம் அது. அதைப் பார்க்காமல் ஆறைத் தொடங்கினால் எல்லாரும் ஏன் வேறு வேறு இடத்தில் இருக்கினம் என்று விளங்காது. அதிலிருந்து ‘எ டைம் டு ஸ்டாண்ட்’, ‘ரொக்ஸ் அண்ட் ஷோல்ஸ்’, ‘சன்ஸ் அண்ட் டோட்டர்ஸ்’, ‘பிஹைண்ட் த லைன்ஸ்’, ‘ஃபேவர் த போல்ட்’, ‘சாக்ரிஃபைஸ் ஒஃப் ஏஞ்சல்ஸ்’. ஏழும் சேர்த்து ஐந்தேகால் மணிநேரம். ஒரே இரவில் வேண்டாம்: முதல் மூன்று ஒரு நாள், மிச்ச நாலு மறுநாள். அம்மாவுக்குக் கிராவைப் பிடித்திருந்தால் மூன்றாவதில் பஜோர் மதகுருவான வெடெக் யாசிம் வருகிற இடத்தைத் தவறவிடாமல் பார்க்கச் சொல்லுங்கோ.

போருக்கு முன்னுக்கு நாலாம் சீசனில் ‘த வே ஒஃப் த வோரியர்’, ‘த விசிட்டர்’ இரண்டும். இரண்டாவதுக்குக் கைக்குட்டை பக்கத்தில் இருக்கட்டும்.